கட்டிலில் கிடப்பவரிடம் ஒரு கேள்வி

எப்போதும்வென்றான் ஊரை ஒட்டிப் போகும் மதுரை – தூத்துக்குடி நாற்கரச் சாலையில் ஆம்புலன்ஸ்கள் இரண்டு விதமாகப் போகும். சைரனை அலறவிட்டுக்கொண்டு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் மதுரைக்கோ விரைவது ஒரு விதம். சைரன் இல்லாமல் ஊர்ப்பக்கம் திரும்பி வருவது இன்னொரு விதம். திரும்பி வரும் வண்டிக்குள் பெரும்பாலும் ஒரு முதியவர் படுத்திருப்பார். வாயில் குழாய் இருக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து காற்றுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வருவார். வீடு வந்து, கட்டிலில் கிடத்தி, சொந்தபந்தம் ஒவ்வொருவராக வாயில் பால் விட்ட பிறகு அந்தக் குழாய் எடுக்கப்படும்.

"எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டு வந்துட்டோம்" என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். கேட்பவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. எல்லோருக்கும் புரிந்துவிடும்.

எழுதிக் கொடுத்தது யார்? மூத்த மகன், அல்லது மருமகன், அல்லது மருத்துவமனை வராந்தாவில் அந்த நேரம் நின்ற படித்த உறவுக்காரர். எழுதியது என்ன? 'மருத்துவர் சொன்னதையும் மீறி எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று. பல நேரங்களில் உண்மை நேர்மாறாக இருக்கும். "இனிச் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல" என்று முதலில் சொன்னவரே மருத்துவராக இருப்பார். சட்டம் என்ன சொல்கிறது என்பதில் அவருக்குத் தெளிவில்லை. நாளைக்கு வழக்கு வந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருக்கிறது. குடும்பத்துக்கோ கையில் காசில்லை. நகை அடகுக்குப் போயாயிற்று, காடு ஒத்திக்குப் போயாயிற்று. அதனால் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு பொய்த்தாளில் கையெழுத்துப் போடுகின்றன. உயிர் யாருடையதோ அவருடைய பெயர் அந்தத் தாளில் கோடிட்ட இடத்தில் மட்டும் வருகிறது. அவருடைய விருப்பம் எங்கும் வருவதில்லை.

கரிசல் காட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டே கிடந்தால், "என்னமோ ஆசை இருக்கு, அதான் போக மாட்டேங்குது" என்பார்கள். மண்ணாசையாக இருக்கும் என்று அவர் உழுத காட்டிலிருந்து ஒரு பிடி கரிசல் மண்ணை எடுத்து வந்து தண்ணீரில் கரைத்து வாயில் ஒரு சொட்டு விடுவார்கள். பொன்னாசையாக இருக்கும் என்று நகையை உரசிய தண்ணீரை விடுவார்கள். பேரன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறது என்று திருப்பூருக்கும் சென்னைக்கும் போன் போகும். சாகக் கிடப்பவருக்கு ஓர் ஆசை இருக்கும், அதை நிறைவேற்றாமல் அனுப்பக் கூடாது என்கிற உணர்வு இந்த மக்களிடம் ஆழமாக இருக்கிறது. மதிக்க வேண்டிய உணர்வு அது. குறை ஒன்றுதான். அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டு வாய் நிறையப் பேசிய காலத்தில் யாரும் கேட்கவில்லை. நாக்கு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு ஊரே கூடி ஊகிக்கிறது.

அந்த ஊகம் கொடூரமாக மாறிய வரலாறும் இதே மண்ணில்தான் இருக்கிறது.

தலைக்கூத்தல் என்ற சொல்லை இந்தப் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விருதுநகர், மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் கிடையில் விழுந்துவிட்ட முதியவர்களைக் குடும்பமே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைத்த வழக்கம் அது. 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ எண்பது வயதான ஒருவர், தன் வீட்டில் தனக்கு அந்த ஏற்பாடு நடப்பதைக் கேட்டுவிட்டுத் தப்பியோடிச் சொந்தக்காரர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அந்தச் செய்திக்குப் பிறகுதான் மாவட்ட நிர்வாகம் விழித்தது. அதே ஆண்டு தெகல்கா இதழில் பிரமிளா கிருஷ்ணன் எழுதிய நீண்ட கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. பின்னர் சினிமாவும் இதைத் தொட்டது. மதுமிதா இயக்கிய 'கே.டி. என்கிற கருப்புதுரை' 2019-இல் வந்தது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. 2023-இல் 'தலைக்கூத்தல்' என்ற பெயரிலேயே ஒரு படம் வெளிவந்தது.

வறுமைதான் காரணம் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார முடியாத வீடுகள் இங்கே ஏராளம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற மருமகள், களை வெட்டப் போகிற மகள், புரட்டாசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற மகன் – இவர்களில் யார் வீட்டில் இருந்து பீ மூத்திரம் அள்ளுவது என்ற கேள்வி வசதியான வீட்டில் உட்கார்ந்து பேசும் கேள்வி இல்லை. ஆனால் வறுமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மை விட்டுப்போகும். தலைக்கூத்தல் நடந்த வீட்டில் அதற்கு முன் ஒரு பேச்சு நடந்தது. தேதி குறித்தார்கள். உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கூடிப் பேசிய அத்தனை பேரில் படுத்திருந்தவர் மட்டும் இல்லை.

தலைக்கூத்தலும் ஐ.சி.யூ.வும் ஒன்றல்ல. முன்னது கொலை, பின்னது சிகிச்சை. சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் தாத்தாவுக்கு வெண்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்று இன்று மருத்துவமனை வராந்தாவில் நடக்கும் பேச்சைக் கூர்ந்து கவனித்தால், கூட்டத்தில் அதே ஆள் குறைவது தெரியும். எடுக்கும் முடிவு சில நேரம் "எல்லாம் பண்ணுங்க, செலவைப் பத்திக் கவலை இல்ல" என்று இருக்கும். சில நேரம் "போதும், கூட்டிட்டுப் போறோம்" என்று இருக்கும். இரண்டிலும் அன்பு உண்டு, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் உண்டு. அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது மட்டும் இரண்டிலும் இல்லை.

பழந்தமிழர் அறிந்த மரணம் வேறொன்றும் உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த செய்தியைப் புறநானூறு பேசுகிறது. தன் அருகில் ஓர் இடத்தைப் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாருக்காக ஒதுக்கி வைக்கச் சொன்னான் அந்த அரசன். கூடவே உயிர்விட வந்த பொத்தியாரை, பிள்ளை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினான். உண்ணாமல் உயிர்விடும் அந்த வழியை இன்று யாருக்கும் பரிந்துரைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தன் முடிவின்போது யார் பக்கத்தில் இருக்க வேண்டும், யார் இருக்க வேண்டாம் என்று ஒரு மனிதர் தானே சொன்னார், சுற்றியிருந்தவர்கள் அதைக் கேட்டார்கள் என்பதற்காகத்தான் சொல்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசனுக்குக் கிடைத்த அந்த மரியாதை, இன்று எப்போதும்வென்றானில் மிளகாய் வத்தல் காயப்போடும் ஒரு பாட்டிக்கும் சட்டப்படி உண்டு. அது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது, வலி நிறைந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே பணிபுரிந்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு மேல், அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அவருக்குச் செயற்கையாக உணவளிப்பதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். அவரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட கே.இ.எம். செவிலியர்கள் கூடாது என்றார்கள். 2011 மார்ச் 7 அன்று வந்த தீர்ப்பு செவிலியர்களின் பக்கம் நின்றது. உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்வதைக் கொள்கை அளவில் அனுமதிக்கலாம் என்ற கதவையும் அதே தீர்ப்பு திறந்துவிட்டது. இரண்டு பக்கமும் அன்பால்தான் வாதாடின. அருணாவின் சொல் ஒன்று இருந்திருந்தால் அந்த வழக்கே வேறு மாதிரி இருந்திருக்கும். அப்படிச் சொல்லி வைக்க 1973-இல் இந்நாட்டில் வழி கிடையாது.

அந்த வழி 2018 மார்ச் 9 அன்று பிறந்தது. 'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனமுள்ள யாரும், தனக்குப் பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 'லிவிங் வில்' என்று பலரும் சொல்வது இதைத்தான். உயிர் உயில் என்றும் எழுதுகிறார்கள்.

உரிமை கிடைத்தது, நடைமுறை மலையாக நின்றது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்களைக் கொண்ட குழு பார்க்க வேண்டும். பிறகு ஆட்சியர் இன்னொரு குழு அமைக்க வேண்டும். கடைசியில் நடுவரே நேரில் வந்து பார்க்க வேண்டும். அதற்குள் நோயாளி பல தடவை இறந்து பிழைத்துவிடுவார். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கமே இதை எளிமையாக்கக் கோரி உச்ச நீதிமன்றம் போனது. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து பேர் அமர்வு அந்த மலையைக் கொஞ்சம் செதுக்கிக் கொடுத்தது.

இப்போதைய நிலை இதுதான். தாளில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரி ஒருவரோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரோ சான்றொப்பம் இட வேண்டும். அதாவது, பள்ளிச் சான்றிதழ் நகலுக்குப் பச்சை மையில் கையெழுத்து வாங்க ஊர்க்காரர்கள் யாரிடம் போகிறார்களோ அப்படியோர் அதிகாரியே போதும். தான் பேச முடியாதபோது தனக்காகப் பேச வேண்டியவர்கள் யார் என்று, ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரைக்கூட அதில் எழுதலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்வரை அந்தத் தாளுக்கு வேலையே இல்லை. அவர் வாயால் சொல்வதுதான் சொல். நினைவு தப்பி, மீள வழியில்லை என்ற நிலை வந்தால், சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்கும். மாவட்ட மருத்துவத் தலைமை அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இடம்பெறும் இரண்டாவது குழு அதை உறுதிசெய்யும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். கருவியை விலக்குமுன் மருத்துவமனை நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும். தாள் எதுவும் எழுதி வைக்காதவர்களுக்கும், குடும்பத்தின் ஒப்புதலோடு இதே இரண்டு குழு வழிமுறை உண்டு. நள்ளிரவில் பொய்த்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டிய கட்டாயம் இனி எந்தக் குடும்பத்துக்கும் இருக்கக் கூடாது.

தமிழ்ச் செய்தித்தாள்கள் இந்தத் தீர்ப்புகளுக்குத் தலைப்பு வைக்கும்போது பழக்கத்தில் 'கருணைக் கொலைக்கு அனுமதி' என்று எழுதிவிடுகின்றன. அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. ஊசி போட்டு உயிரை முடிப்பதை இந்தியச் சட்டம் இன்றும் அனுமதிக்கவில்லை. பலன் தராத சிகிச்சையை நிறுத்தி, நோய் தன் போக்கில் முடிய விட்டு, வலி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்வதைத்தான் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அதில் கொலை எங்கே இருக்கிறது? கருணை என்ற பெயரில் கொலை உண்மையிலேயே நடந்த ஒரு நிலப்பரப்பில், இந்தச் சொல் செய்யும் கேடு மற்ற ஊர்களைவிட அதிகம். "அப்படின்னா அதைத்தான இப்ப கோர்ட்டே செய்யச் சொல்லுது" என்று ஒருவர் டீக்கடையில் சொல்லிவிட்டால் பிறகு திருத்தவே முடியாது.

சட்டத்தைவிடக் கடினமான ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. நோயாளிக்கு நோயைச் சொல்வதில்லை.

"அவுகளுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா மனசு உடைஞ்சு போவாக" என்பது மருத்துவர் அறைக்கு வெளியே மகன்கள் வைக்கும் முதல் கோரிக்கை. புற்றுநோயைக் கட்டி என்பார்கள், அல்சர் என்பார்கள். நெய்யூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ கூட்டிப் போனாலும், என்ன ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தலைமுடி கொட்டுவதையும், அந்த வார்டில் மற்றவர்கள் படும் பாட்டையும், வீட்டுக்கு வந்த மகள் அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொள்வதையும் பார்த்த பிறகு எந்தப் பெரியவருக்குத் தெரியாமல் இருக்கும்? அவர் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள மாட்டார். பிள்ளைகள் சொல்லாததைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கமும் மற்றவரைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, கடைசி மாதங்களைப் பேச்சில்லாமல் கழிக்கிறார்கள். காட்டை எப்படிப் பிரிக்க வேண்டும், யாரிடம் வாங்கிய கடன் பாக்கி, எந்த அண்ணனோடு இருபது வருஷமாகப் பேச்சில்லையோ அவரை ஒருமுறை வரச் சொல்ல வேண்டும் – சொல்ல வேண்டிய எல்லாம் அவரோடு போய்விடுகிறது.

நோயாளியின் சம்மதம் நோயாளிக்கே சொந்தம் என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இலேயே தெளிவாகச் சொன்னது. சமீரா கோலி வழக்கில் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்தார். வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கி அவருடைய கருப்பையை அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்த பிறகு அவரிடமே கேட்டிருக்க வேண்டும். தாயின் சம்மதம் போதாது என்றது நீதிமன்றம். பெற்ற தாயின் கையெழுத்தே போதாது என்றால், நல்ல நினைவோடு படுத்திருக்கும் எழுபது வயதுக்காரருக்குப் பதிலாக மகன் போடும் கையெழுத்து மட்டும் எப்படிப் போதும்? அரசு மருத்துவமனை என்றாலும் தனியார் மருத்துவமனை என்றாலும், நினைவோடு இருக்கும் முதியவரைத் தாண்டிப் போய் அவருடைய பிள்ளைகளிடம் பேசும் பழக்கம் அன்றாடம் நடக்கிறது. மரியாதைக் குறைவு என்று யாருக்கும் தோன்றுவதுகூட இல்லை.

இத்தனைக்கும் இதே முதியவரின் பெருவிரலுக்கு இந்தப் பக்கத்தில் பெரிய மதிப்பு உண்டு. நிலம் எழுதி வாங்க வேண்டும் என்றால் அவரைக் கை கொடுத்துத் தூக்கி, காரில் உட்கார வைத்து, பத்திர ஆபீசுக்குக் கொண்டுபோவார்கள். எழுந்து வர முடியாதவர் என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. சம்மதத்தோடுதான் கைநாட்டு வைக்கிறாரா என்று அந்த அதிகாரி கேட்டாக வேண்டும். மூன்று குறுக்கம் புஞ்சைக்கு இத்தனை ஏற்பாடு இருக்கிறது. அவருடைய தொண்டையில் குழாயை விடலாமா என்பதற்கு ஒரு கேள்விகூட இல்லை.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் வந்தால் தன்னை எப்படி நடத்த வேண்டும், எப்படி நடத்தக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை நாடாளுமன்றத்தின் சட்டமாகவே தந்திருக்கிறது. சாகும் நிலையில் இருப்பவருக்கு அப்படி ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் இன்னும் இயற்றித் தரவில்லை. நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை வைத்துத்தான் காலம் ஓடுகிறது. உயிர்காக்கும் கருவிகளை விலக்குவது பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் வரைவு நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. மருத்துவர்களிடையே அதற்கு எதிர்ப்பும் வந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான பயத்தை எதிர்கொண்டாக வேண்டும். தலைக்கூத்தல் நடந்த மண்ணில் 'சிகிச்சை வேண்டாம்' என்று முதியவர்களிடம் எழுதி வாங்கச் சொல்வது ஆபத்தில்லையா? பழைய எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பதில் புதிய தாள் வந்து நிற்காதா?

நிற்கலாம். கவனமாக இல்லாவிட்டால் நிச்சயம் நிற்கும். "நான் எதுக்கு உங்களுக்குப் பாரமா, என்னைய விட்டுருங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வலி தாங்காமல் சொல்கிறாரா, மருமகள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா, மாத்திரைச் செலவை நினைத்துச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். குறிப்பாக, கணவனை இழந்து மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் பெண்களின் 'வேண்டாம்' என்பதில் பாதி, தன்னைத்தானே குறைத்துக்கொண்ட ஒரு வாழ்க்கையின் பழக்கம். அவர்கள் சாப்பாட்டுக்கும் அப்படித்தான் வேண்டாம் என்றார்கள். எனவே, கேட்பவர் மகனாக மட்டும் இருக்கக் கூடாது. மருத்துவரோ செவிலியரோ அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும், ஒரு முறைக்கு இரண்டு முறை. சாட்சிகள் கூடுமானவரை வெளியாட்களாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதன் காரணம் இதுவே; நிலத்தில் பங்குள்ளவர் சாட்சியாகவே கூடாது. "எனக்கு எல்லா வைத்தியமும் பாருங்க, நான் இருக்கணும்" என்று அவர் சொன்னால் அதுவும் அதே மரியாதையோடு எழுதப்பட வேண்டும். வாழ விரும்புவது குற்றம் இல்லை என்று ஒரு முதியவரிடம் யாராவது உரக்கச் சொல்ல வேண்டிய பகுதி இது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வலியைத் தீர்க்க வேண்டும். வலியில் துடிப்பவரிடம் கருத்துக் கேட்பது கேட்பதே ஆகாது. புற்றுநோய் வலிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் மார்ஃபின் விலை குறைந்த மருந்துதான். ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு கதவு திறந்தது. கேரளம் அதற்கெல்லாம் முன்பே நடக்கத் தொடங்கிவிட்டது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், ஊர் மக்களையே தன்னார்வலர்களாக்கி வீடு வீடாகப் போனது. 2008-இல் அந்த மாநிலம் வலி தணிப்பு மருத்துவத்துக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. சாவு நெருங்கியவரைப் பார்க்கப் போவதை அங்கே ஊர் தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டிடமும் அதற்கான கால்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வாசலுக்கு வருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவதும் அதே திட்டத்தில் உண்டு. படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்து, சிறுநீர்க் குழாயை மாற்றிவிட்டுப் போகும் அந்தச் செவிலியரைவிட இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதியானவர் யார்? அவருக்குப் பயிற்சியும் நேரமும் எளிய தமிழில் ஒரு படிவமும் கொடுத்தால் போதும். முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. கிடையில் கிடக்கும் ஒருவருக்கு அந்தத் தொகை மருந்துக்கும் துணிக்கும் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதும் இதோடு சேர்ந்த வேலைதான்.

மற்ற மாநிலங்கள் அசைந்திருக்கின்றன. கண்ணியத்தோடு இறக்கும் உரிமையை நடைமுறைப்படுத்தக் கர்நாடக அரசு 2025 ஜனவரி 30 அன்று சுற்றறிக்கை வெளியிட்டு, மருத்துவக் குழுக்களை எப்படி அமைப்பது என்று மருத்துவமனைகளுக்குச் சொன்னது. கோவாவில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் 2024-இல் தன்னுடைய ஆவணத்தைத் தானே முன்வந்து பதிவு செய்தார். மகாராஷ்டிரத்தில் மருத்துவர் நிகில் தாதார் நீதிமன்றப் படியேறியதன் தொடர்ச்சியாக, இந்த ஆவணங்களைப் பெற்றுப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்புகளில் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆசியாவில் தைவான் இதற்கென்றே இயற்றிய சட்டம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தாளில் கையெழுத்துப் போடும் முன் மருத்துவக் குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டும், அந்தப் பேச்சில் நெருங்கிய உறவினர் ஒருவராவது கூட இருக்க வேண்டும் என்கிறது அது. குடும்பத்தை வெளியே நிறுத்தாமல், நோயாளியை நடுவில் உட்கார வைக்கும் ஏற்பாடு. கூட்டுக் குடும்ப உணர்வு இன்னும் விட்டுப்போகாத தமிழ்நாட்டுக்கு மேற்கத்திய மாதிரிகளைவிட இது பொருந்தும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். கரிசல் ஊர்களில் இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, திண்ணைகளில் மீந்திருப்பவர்கள் முதியவர்கள். அவர்களுக்கு ஒன்று என்றால், மூன்று ஊர்களில் இருக்கும் நான்கு பிள்ளைகள் போனில் பேசி முடிவெடுக்கிறார்கள். தூரத்தில் இருப்பவரின் குற்றவுணர்வு "இன்னும் பாருங்க" என்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவரின் களைப்பு "போதும்" என்கிறது. பிறகு பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் சண்டை வந்து, அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அப்பா ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் அந்தக் குடும்பம் உடைந்திருக்காது.

அரசு செய்ய வேண்டியது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் நலப்பணிகள் இணை இயக்குநர், இரண்டாவது குழுவுக்கான மருத்துவர்களை முன்கூட்டியே நியமித்துப் பட்டியலை வெளியிட வேண்டும். கோவில்பட்டி அரசு மருத்துவமனையிலும் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென ஒரு மேசை போட வேண்டும். கேரளத்தில் கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரி 2024-இல் அப்படி ஒன்றைத் திறந்தது. ஊராட்சி அளவில் ஆவணத்தை வாங்கி வைக்கப் பொறுப்பாளர் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, பெருவிரல் வாங்கும் முறை வேண்டும். ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கூடாது.

வீடு செய்ய வேண்டியதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வருவார்கள். சாப்பாடு முடிந்து, வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள். உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால் ஆஸ்பத்திரியில் இருக்க விரும்புகிறீர்களா, வீட்டிலா? மூச்சுக்கு மெஷின் வைக்கலாமா? டாக்டர் சொல்வதை மறைக்காமல் சொல்லட்டுமா? உங்களால் பேச முடியாவிட்டால் எங்களில் யார் சொல்வதைக் கேட்க வேண்டும்? பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? முதலில் "இதென்ன கேள்வி, நல்ல நாளும் அதுவுமா" என்று அதட்டுவார்கள். கொஞ்ச நேரம் காத்திருங்கள். அவர்கள் இதைப் பற்றி உங்களைவிட அதிகம் யோசித்து வைத்திருப்பார்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.